இரண்டு ஸ்டாப் தள்ளி

டாக்டர்: ஐயோ... தூ... ஒரு சொம்புத் தண்ணி உள்ள போயிருக்கும். உப்பு!

டிரைவர்: அலைக்கு முதுகைக் காட்டுங்க டாக்டர். வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு அதையே பார்த்தா உள்ளதான் வரும்.

டாக்டர்: என்னை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் சம்பந்தியம்மா. முப்பது வருஷமா ஊர்ல எல்லாரையும் நான்தான் திறங்க, திறங்கன்னு சொல்லிட்டிருக்கேன்.

டிரைவர்: நீங்க பல் டாக்டர்னு கடலுக்குத் தெரியாதே... திரும்புங்க. அப்படித்தான். ஜாக்கெட்ல இன்னும் கொஞ்சம் காத்து ஏத்துங்க. அந்தப் பட்டன் இல்ல, அது இறக்குறது.

டாக்டர்: தெரியும்.

டிரைவர்: அதுக்கு மேல இருக்கிறது.

டாக்டர்: தெரியும்னு சொல்றேன்ல... எது, இதுவா?

டிரைவர்: அதேதான்.

டாக்டர்: ஆங்... இப்ப கழுத்து மேல நிக்குது. சரி, நம்ம படகு எங்க?

டிரைவர்: அந்தா. வெள்ளையா, அரிசி கணக்கா.

டாக்டர்: அதுவா? நான் ஏதோ பறவைன்னுல்ல நினைச்சேன்! கீழ இருபது நிமிஷம்கூட இருக்கலையே, எப்படி இவ்வளவு தூரம் வந்தோம்?

டிரைவர்: நாம எங்க வந்தோம்? நாம சும்மாதான் இருந்தோம். கடல்தான் நடந்துச்சு. இந்தப் பக்கம் நீரோட்டம் பேய் மாதிரி இருக்கும்னு கைடு காலையிலயே சொன்னாரே.

டாக்டர்: சொன்னார், சொன்னார்.

டிரைவர்: ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. வேற என்ன சொன்னார்? மூணு தடவை சொன்னார்.

டாக்டர்: என்ன, பரீட்சையா? கொக்கியைப் பாறையில மாட்டணும். கொக்கிக் கயித்தோட இந்த முனையில இருக்கிற கிளிப்பை ஜாக்கெட்ல மாட்டணும். கம்பத்துல கொடி பறக்குற மாதிரி அப்படியே இருந்து வேடிக்கை பார்க்கணும். அவர் சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது.

டிரைவர்: நீங்க என்ன பண்ணீங்க?

டாக்டர்: கழட்டினேன்.

டிரைவர்: ஏன் டாக்டர்?

டாக்டர்: விலாங்கு.

டிரைவர்: விலாங்கா?

டாக்டர்: நீங்க பார்க்கலையா? பாறை இடுக்குல, என் தொடை தண்டிக்கு ஒரு விலாங்கு. வாயைப் பொளந்துட்டு நிக்குது. உள்ள ஒரு இறால், செகப்பும் வெள்ளையுமா... அது பல்லைச் சுத்தம் பண்ணுது சம்பந்தி! ஒவ்வொரு பல்லா! கடைசிப் பல்லைக்கூட விடலை. என் கிளினிக்ல இருக்கிற பொண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டிரைவர்: அதுக்காக...

டாக்டர்: ரெண்டு அடி கிட்டப் போய்ப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்னு நினைச்சேன். ரெண்டே அடி! கிளிப்பைக் கழட்டினதுதான் தெரியும். விலாங்கைக் காணோம், பாறையைக் காணோம், கைடைக் காணோம். எங்க பார்த்தாலும் நீலம்.

டிரைவர்: டாட்டா காட்டிட்டே போனீங்க.

டாக்டர்: டாட்டா இல்ல, கையை உதறினேன்! நீங்க மட்டும் என்னவாம்? நீங்க எந்த விலாங்கைப் பார்க்க வந்தீங்க?

டிரைவர்: என் கிளிப் கழண்டுக்குச்சு.

டாக்டர்: தானாவா?

டிரைவர்: ...தானாதான்.

டாக்டர்: நல்லாருக்கு. எனக்குப் புத்தி கழண்டுச்சு, உங்களுக்குக் கிளிப் கழண்டுச்சு. சம்பந்திங்கன்னா இப்படித்தான் பொருத்தமா இருக்கணும். நல்ல வேளை, ரெண்டு பேரையும் ஒரே பக்கமா அடிச்சுட்டு வந்துச்சு.

டிரைவர்: ம்.

டாக்டர்: என் காலை எப்படிப் பிடிச்சீங்க?

டிரைவர்: நான் எங்க பிடிச்சேன்? நீங்கதான் வந்து என் மேல மோதினீங்க.

டாக்டர்: மோதினேனா? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை. அப்புறம் நடுவுல என் ஜாக்கெட்டைப் பிடிச்சு நிறுத்தி வெச்சுக்கிட்டு மூணு நிமிஷம் கண்ணை உருட்டினீங்களே, அதுதான் ஞாபகம் இருக்கு.

டிரைவர்: நீங்க ராக்கெட் மாதிரி மேல போயிட்டிருந்தீங்க. அப்படிப் போனா நுரையீரல் கிழிஞ்சுரும். மெதுவா மூச்சு விடுங்கன்னு சொன்னேன்.

டாக்டர்: கண்ணாலயா?

டிரைவர்: வாயிலதான் குழாய் இருக்கே, வேற எதால சொல்றது?

டாக்டர்: இருக்கட்டும். துருப்பிடிச்ச கிளிப்பைக் கொடுத்து ஒரு உயிரோட விளையாடியிருக்கான். நான் கழட்டினது என் தப்பு, அதை ஒத்துக்கிறேன். உங்களோடது? மேல ஏறட்டும், அந்தக் கைடை உண்டு இல்லைன்னு பண்றேன்.

டிரைவர்: முதல்ல ஏறுவோம் டாக்டர். அடையாளத்துக்கு ஊதி விட்ட அந்த ஆரஞ்சுப் பை சாயுது, நிமித்திப் பிடிங்க. அதுதான் தூரத்துல இருந்து தெரியும். நம்ம தலை ரெண்டும் தேங்காய் மட்டை மாதிரிதான் தெரியும்.

டாக்டர்: கை வலிக்குது.

டிரைவர்: கொடுங்க, மாத்தி மாத்திப் பிடிப்போம்.

டாக்டர்: பசங்க ரெண்டும் பயந்து போயிருக்கும்ல?

டிரைவர்: என் பையனுக்குப் பயப்பட நேரம் இருக்காது. படகு ஓரத்துல தலையைத் தொங்கப் போட்டு வாந்தி எடுத்துட்டிருப்பான். உங்க பொண்ணு முதுகைத் தடவிட்டிருப்பா.

டாக்டர்: பஸ் ஓட்டுறவங்க பையனுக்கு வண்டி ஆடினா ஆகாதுன்னு சொன்னா யார் நம்புவா?

டிரைவர்: சின்ன வயசுல என் பஸ்லயே முன் சீட்டுல உட்கார வெப்பேன். டிப்போ கேட்டைத் தாண்டுறதுக்குள்ள மூஞ்சி பச்சையாயிடும். அப்புறம் கையில ஒரு பையைக் கொடுத்துதான் ஏத்துறது.

டாக்டர்: என் பொண்ணு யார் முதுகையும் தடவினதில்ல சம்பந்தி. எனக்குக் காய்ச்சல்னா பக்கத்து ரூம்ல இருந்து மாத்திரை பேரை மெசேஜ் அனுப்புவா. உங்க வீட்டுக்கு வந்துதான்... ஏய்! படகு! படகு திரும்புது!

டிரைவர்: எங்க... ஆமா!

டாக்டர்: இங்கதான் வருது! ஏய்! இங்க! இங்க இருக்கோம்!

டிரைவர்: கத்தாதீங்க, தொண்டைதான் போகும். விசிலை ஊதுங்க. தோள்ல தொங்குது பாருங்க.

டாக்டர்: கேட்டிருக்கும்ல? நல்லா ஊதினேன்ல?

டிரைவர்: ஊதினீங்க. இன்னொரு தடவை ஊதுங்க.

டாக்டர்: சம்பந்தி, அது ஏன் அந்தப் பக்கம் போகுது?

டிரைவர்: கேட்கலை. காத்து நம்ம பக்கம் அடிக்குது.

டாக்டர்: எதுக்கு அங்கேயே சுத்துறாங்க?

டிரைவர்: நாம இறங்கின இடத்துல தேடுறாங்க. இன்னும் ஸ்டாப்லயே நிக்கிறோம்னு நினைப்பு. நாம ரெண்டு ஸ்டாப் தள்ளி வந்துட்டோம்.

டாக்டர்: அப்ப நாமளே போயிடலாம். என்ன பெரிய தூரம்? வாங்க.

டிரைவர்: டாக்டர், நில்லுங்க. எதிர்த்து நீந்தக் கூடாது. டாக்டர்! சொன்னாக் கேளுங்க... என்ன வேகமா அடிச்சாலும் இருந்த இடத்துலதான் இருப்பீங்க. பாருங்க, நான் சும்மா மிதக்குறேன், நீங்க இன்னும் எனக்குப் பக்கத்துலதான் இருக்கீங்க.

டாக்டர்: அப்படியெல்லாம்... இல்ல... கொஞ்சம்... ஆ! ஐயோ! அக்கா! கால்! அக்கா, கால்!

டிரைவர்: வந்துட்டேன். எந்தக் கால்? இதுவா? மல்லாக்கப் படுங்க. ஜாக்கெட் தாங்கும், படுங்க.

டாக்டர்: கெண்டைக்கால்... கல்லு மாதிரி...

டிரைவர்: முட்டியை மடக்காதீங்க. நான் காலில மாட்டியிருக்கிற ஃபின்னோட நுனியைப் பிடிச்சு உங்க பக்கமா தள்ளுறேன். வலிக்கும்.

டாக்டர்: ஆ... ஆ...

டிரைவர்: "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க"ன்னு நீங்க சொல்வீங்கல்ல, அதே மாதிரி நினைச்சுக்கோங்க.

டாக்டர்: நான் ஊசி போட்டுட்டுதான் சொல்வேன்! ...ஆங். விடுது. விட்டுருச்சு.

டிரைவர்: அக்கான்னு கூப்பிட்டீங்க.

டாக்டர்: இல்லையே.

டிரைவர்: ரெண்டு தடவை.

டாக்டர்: வலியில ஆயிரம் சொல்வேன்... சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

டிரைவர்: சொல்லுங்க.

டாக்டர்: நாற்பது தடவை டைவ் பண்ணியிருக்கேன்னு படிவத்துல எழுதிக் கொடுத்தேன்ல?

டிரைவர்: ஆமா.

டாக்டர்: நாலு. ஒரு பூஜ்ஜியம் சேர்த்துட்டேன்.

டிரைவர்: தெரியும்.

டாக்டர்: தெரியுமா?

டிரைவர்: படகுல கண்ணாடியைத் தலைகீழா மாட்டினீங்களே, அப்பவே சந்தேகம். தண்ணிக்குள்ள காலைச் சைக்கிள் மாதிரி மிதிச்சீங்க, சுத்தமாத் தெரிஞ்சு போச்சு.

டாக்டர்: தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?

டிரைவர்: பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றது? உங்க மானம் போயிடும். சொல்லியிருக்கணும். மானம் போனாலும் போகட்டும்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு.

டாக்டர்: அது எப்படி உங்க தப்பாகும்! எல்லாம் அவளாலதான். "அத்தை ஐம்பது வயசுல டைவிங் கத்துக்கிட்டாங்க, அத்தை சுறாவைப் பார்த்தாங்க, அத்தை அறுபது தடவை இறங்கிட்டாங்க." எப்ப ஃபோன் பண்ணினாலும் அத்தை புராணம்தான். எனக்கு அப்படியே இங்க... எரியும். நாலு மாசம் முன்னாடி யாருக்கும் சொல்லாமப் போய்ச் சேர்ந்தேன்.

டிரைவர்: பொறாமையா!

டாக்டர்: பின்ன என்ன, பக்தியா?

டிரைவர்: அவ என்கிட்ட என்ன சொல்வா தெரியுமா? "எங்க அம்மா மாதிரி ஒரு கை கிடையாது அத்தை, வலியே தெரியாமப் பல்லை எடுப்பாங்க"ன்னு. எனக்கு அதைக் கேட்டுக் கேட்டே பல்லு கூசும்.

டாக்டர்: நிஜமாவா? அப்படியா சொல்வா?

டிரைவர்: அப்புறம் விவரமாச் சொல்றேன். இப்ப அந்தப் பக்கம் பாருங்க. கறுப்பா ஒரு டிரம் மிதக்குது, தெரியுதா?

டாக்டர்: தெரியுது.

டிரைவர்: மீன்காரங்க கூண்டுக்கு அடையாளமா விட்டிருப்பாங்க. அடியில நங்கூரம் இருக்கும். நம்மளை மாதிரி நகராது. அதைப் பிடிச்சுட்டோம்னா தேடுறவங்க வர்ற வரைக்கும் ஒரே இடத்துல நிக்கலாம்.

டாக்டர்: எதிர்த்து நீந்தக் கூடாதுன்னீங்க?

டிரைவர்: எதிர்த்து இல்ல. ஓட்டத்தோடயே போய்க்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா குறுக்கால. ஹைவேல லேன் மாத்துற மாதிரி. யார்கூடவும் மல்லுக்கட்டக் கூடாது, ஆனா நம்ம வழியை விடவும் கூடாது.

டாக்டர்: பிடிக்க முடியாமத் தாண்டிட்டா?

டிரைவர்: தாண்டிட்டா... அதுக்கு அடுத்த ஸ்டாப் எதுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். இடுப்புல இருக்கிற ஈயக்கட்டியை எல்லாம் விட்டுடுங்க. பாரம் குறையட்டும்.

டாக்டர்: கடைக்காரன் கேட்பானே?

டிரைவர்: கேட்டா இறங்கி வந்து எடுத்துக்கட்டும். மல்லாக்கப் படுங்க. ரெண்டு காலையும் நீட்டி, இடுப்புல இருந்து அடிங்க. சைக்கிள் வேண்டாம்!

டாக்டர்: சரி... சரி... இடுப்புல இருந்து...

டிரைவர்: அப்படித்தான். மூச்சு வாங்கினா சொல்லுங்க. திரும்பிப் பார்க்காதீங்க, நான் பார்த்துக்கிறேன்.

டாக்டர்: பின்னாடி பார்க்காமப் போறதுக்கு... பயமா இருக்கு.

டிரைவர்: ஐம்பது பேர் எனக்குப் பின்னாடி உட்கார்ந்து தூங்கிட்டே வருவாங்க டாக்டர். நீங்க முழிச்சுட்டுதானே வர்றீங்க? இன்னும் வலது. இன்னும் கொஞ்சம். வேகமா வருது... இருபது அடி... இப்ப திரும்புங்க! கையை நீட்டுங்க!

டாக்டர்: எங்க... எங்க...

டிரைவர்: உங்க இடது பக்கம்! டிரம்மைப் பிடிக்காதீங்க, வழுக்கும், கயித்தைப் பிடிங்க! எனக்கு எட்டலை... எனக்கு எட்டலை டாக்டர்!

டாக்டர்: பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்! கொடுங்க கையை!

டிரைவர்: நழுவுது...

டாக்டர்: எங்க போறீங்க? இருங்க! உங்க சிலிண்டர் வாரைப் பிடிச்சுட்டேன்.

டிரைவர்: விட்டுடாதீங்க!

டாக்டர்: விடுறதா? வேர் வளைஞ்ச கடவாய்ப் பல்லைப் பிடுங்குற கை இது! வாங்க... வாங்க இப்படி... ம்ம்... அவ்வளவுதான். கயித்தைச் சுத்திக்கோங்க.

டிரைவர்: அம்மாடி.

டாக்டர்: பாசியா வழுக்குது. நாத்தம் வேற.

டிரைவர்: எனக்கு இப்ப மல்லிகைப்பூ மாதிரி இருக்கு.

டாக்டர்: உதடு நீலமா இருக்கா எனக்கு?

டிரைவர்: கொஞ்சம். கிட்ட வாங்க. ஒட்டிக்கிட்டா குளிர் குறையும்.

டாக்டர்: எவ்வளவு நேரமாச்சு?

டிரைவர்: வாட்ச்சைப் பார்க்க வேண்டாம். பேசிட்டே இருங்க.

டாக்டர்: என்ன பேசுறது? ...இன்னொண்ணும் சொல்லணும். இதுக்கு நீங்க திட்டலாம்.

டிரைவர்: இன்னும் எத்தனை இருக்கு?

டாக்டர்: கல்யாணத்துல எங்க ஆளுங்க எல்லாரும், மாப்பிள்ளையோட அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. நான்... போக்குவரத்துத் துறையில பெரிய அதிகாரின்னு சொல்லிட்டேன்.

டிரைவர்: அடக் கடவுளே!

டாக்டர்: திட்டுங்க.

டிரைவர்: இருங்க, இருங்க... அதான் உங்க பெரியப்பா பையன், வழுக்கையா, கண்ணாடி போட்டிருப்பாரே... நான் சாப்பிட்டுட்டிருக்கேன், பக்கத்துல வந்து குனிஞ்சு, "மேடம், என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்"னு ஒரு காகிதத்தை நீட்டினார்!

டாக்டர்: ஐயையோ! நீங்க என்ன சொன்னீங்க?

டிரைவர்: என்ன சொல்றது? வாய் நிறைய சோறு. தலையை ஆட்டி வாங்கி வெச்சுக்கிட்டேன்.

டாக்டர்: அவருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சிருச்சு சம்பந்தி! உங்க புண்ணியம்னு இன்னைக்கும் சொல்லிட்டிருக்கார்!

டிரைவர்: சிரிக்காதீங்க, கயிறு ஆடுது... ஐயோ, வயிறு வலிக்குது...

டாக்டர்: கோவம் இல்லையா உங்களுக்கு?

டிரைவர்: இருக்கு. கரைக்குப் போய்க் கோவப்படுறேன். இப்ப ரெண்டு கையும் கயித்துல இருக்கு.

டாக்டர்: நிஜமாக் கேக்குறேன்.

டிரைவர்: நிஜமாவே இருக்கு டாக்டர். முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கேன். மழை, பனி, டயர் வெடிச்சது எல்லாம் பார்த்தாச்சு. ஒரு நாய் மேலகூட ஏத்தினதில்ல. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்?

டாக்டர்: உங்களைப் பத்திக் கூச்சம் இல்ல. எங்க ஆளுங்க வாயைப் பத்திப் பயம். ...தப்புதான். திரும்பிப் போனதும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்.

டிரைவர்: வழுக்கைகிட்ட மட்டும் வேண்டாம். பாவம், டிரான்ஸ்ஃபரைத் திருப்பிக் கேட்டுடப் போறாங்கன்னு பயந்துடுவார்.

டாக்டர்: சம்பந்தி... சம்பந்தி! படகு!

டிரைவர்: பார்த்துட்டேன். கிட்டதான் வருது. ஆரஞ்சுப் பையைத் தூக்குங்க!

டாக்டர்: எல்லாரும் அந்தப் பக்கமே பார்க்குறாங்களே! முட்டாப் பசங்களா, இந்தப் பக்கம்! ...இங்க ஒருத்தர் நிக்கிறார். குனிஞ்சுட்டு நிக்கிறார்.

டிரைவர்: என் பையன்தான்! வாந்தி எடுக்குறான்!

டாக்டர்: மாப்பிள்ளை! மாப்பிள்ளை, நிமிர்ந்து பாருங்க!

டிரைவர்: தலையைத் தூக்குடா... என் ராசா... ஒரே ஒரு தடவை தூக்கு...

டாக்டர்: தூக்கிட்டார்! கை காட்டுறார்!

டிரைவர்: இல்ல... வாயைத் துடைக்கிறான்.

டாக்டர்: இல்ல சம்பந்தி, கைதான் காட்டுறார்! ரெண்டு கையும்! பாருங்க, குதிக்கிறார்! படகு திரும்புது! அழாதீங்க... ஏன் அழுறீங்க, திரும்பிருச்சு பாருங்க...

டிரைவர்: நீங்க மட்டும் என்ன பண்றீங்களாம்?

டாக்டர்: எனக்கு உப்புத் தண்ணி கண்ணுல பட்டுருச்சு.

கைடு: ஏணியைப் பிடிச்சுக்கோங்கம்மா. ஃபின்னைக் கழட்டி என்கிட்ட கொடுங்க. மெதுவா... அடுத்தவங்க... ஆங், வந்தாச்சு. அப்படியே உட்காருங்க. உங்க பொண்ணு போர்வை எடுக்க உள்ள ஓடியிருக்காங்க.

டிரைவர்: என் பையன் எங்க தம்பி?

கைடு: உங்களைக் கட்டிப்பிடிக்கத்தான் வந்தார். பாதியில மறுபடியும் வந்துருச்சு, அந்த ஓரத்துக்குப் போயிட்டார்.

டிரைவர்: போகட்டும், போகட்டும். இன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுக்கட்டும்.

கைடு: ஒன்றரை மணி நேரம்... என் உயிரே போயிடுச்சும்மா. பாறையைச் சுத்தி ஒரு நிமிஷம் தேடிட்டு மேல வந்துட்டேன். அதான் டைவிங் விதி. ஆனா நீங்க இவ்வளவு தூரம் வந்திருப்பீங்கன்னு நினைக்கவே இல்ல.

டாக்டர்: விதியா? விதியைப் பத்தி நீங்க பேசாதீங்க தம்பி. உங்க முதலாளி நம்பரைக் கொடுங்க.

டிரைவர்: டாக்டர், விடுங்க. அப்புறம் பேசலாம்.

டாக்டர்: எப்படி விடுறது? நான் கழட்டினேன், அது என் முட்டாள்தனம். எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன். ஆனா இவங்க என்ன பாவம் பண்ணாங்க? துருப்பிடிச்ச கிளிப்பைக் கொடுத்திருக்கீங்க. நடுத்தண்ணில தானாக் கழண்டிருக்கு!

கைடு: யாரோடதும்மா? பெரியம்மாவோடதா?

டாக்டர்: ஆமா. இவங்களோடதுதான்.

கைடு: இந்தா இருக்கு, பாருங்க. கொக்கி பாறையிலயே மாட்டினபடி இருந்துச்சு, மேல வரும்போது எடுத்துட்டு வந்தேன். போன வாரம்தான் புதுசா வந்துச்சும்மா. எங்க துரு இருக்கு? இழுத்துப் பாருங்க.

டாக்டர்: இழுக்குறேன்... வரலையே.

கைடு: இன்னும் பலமா இழுங்க. வராதும்மா. ரெண்டு பக்கமும் விரலை வெச்சு அமுக்கினாத்தான் வாய் திறக்கும். நான் மாட்டிவிட்டு, ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். முதலாளிகிட்ட இப்படிச் சொன்னீங்கன்னா எனக்கு இன்னைக்கே வேலை போயிடும்.

டாக்டர்: அமுக்கினாத்தானா... சம்பந்தி?

டிரைவர்: பிஸ்கட் ஏதாவது இருக்கா தம்பி? பசி உயிர் போகுது.

டாக்டர்: அக்கா. இப்படி என்னைப் பாருங்க. இது எப்படிக் கழண்டுச்சு?

டிரைவர்: தம்பி மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர், யாருக்கும் ஃபோன் பண்ணாதீங்க... அந்த நீலத்துக்குள்ள போகும்போது நீங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்தீங்க, கண்ணாடிக்குள்ள உங்க கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது, அதுக்கு மேல என்னால அங்க தொங்கிட்டு இருக்க முடியலை, அமுக்கிட்டு வந்துட்டேன். ...பொண்ணு போர்வையோட வர்றா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் ரெண்டு பேரையும் இந்த ஜென்மத்துல தண்ணில இறங்க விடமாட்டா!